டிக் டிக் பெட்டியும் என் வறுமணலும்

கோமதிக்கு,

அம்மாதான் எழுதுகிறேன். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா நகராது. உன் வேலை உத்தரவைத் தபால்காரர் பிந்திக் கொண்டுவந்தார் என்று சொன்னேனே, அது சுத்தப் பொய். பாவம், அவர் வழக்கம்போல் நேரத்துக்கு வந்து உறையை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கை கடலையும் வாங்கிக் கொறித்துக்கொண்டு போனார். அதன்பிறகு ஒன்பது நாள் அந்த உறை பொரிகடலை டின்னுக்குள் அடியில் கிடந்தது. பத்தாம் நாள் நான் அதை நீட்டியபோது, நீ படிப்பதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோய் மோந்துபார்த்தாய். "யம்மா, அணுமின் நிலையத்துல பொரிகடலை வாசமா அடிக்கும்?" என்று கேட்டாய். "அரசாங்கக் காயிதம் எல்லாம் இப்படித்தாட்டி அடிக்கும்" என்றேன். நீ சிரிக்கவில்லை. உன் அப்பாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். இப்போது நானாக உட்கார்ந்து எழுத வேண்டியதாகிவிட்டது.

ஒரு கடிதத்தை மறைத்தவள் என்பதால் இந்தக் கடிதத்தை மறைக்கப்போவதில்லை. கடைப் பலகையில் தராசுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, பறக்காமல் இருக்கக் கால் கிலோ எடைக்கல்லை மேலே வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்கு நடுவே வரி வரியாக எழுதுவதால் நாலு நாளாகிறது, அதற்குள் தச்சநல்லூரில் பாதிப் பேர் படித்துவிட்டார்கள். தபால்காரரும் மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "என் சர்வீஸ்ல விழுந்த ஒரே கரும்புள்ளியை அழிச்சிட்டியேம்மா" என்று சொல்லி ரெண்டு கை கடலை அள்ளிக்கொண்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் ஜெபமணி டீச்சர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தித் தருகிறார்கள். பொய்யும் மெய்யும் என்னுடையதுதான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அந்த உறை வந்த வாரத்தை நினைத்துப் பார். ஜப்பானில் ஓர் அணு ஆலையில் விபத்து என்று டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள். உள்ளே வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரியில், பக்கத்து வீட்டுக்காரர்களை வெளியேற்றிவிட்டார்கள், மற்றவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டுமாம். அதைக் கேட்டுவிட்டுக் கடைக்குள் நுழைகிறேன், தபால்காரர் உறையை நீட்டுகிறார். உள்ளே இங்கிலீஷாக இருக்கும் என்று அவரையே பிரித்துப் படிக்கச் சொன்னேன். அணுமின் நிலையம், கதிர்வீச்சு அளக்கும் வேலை, இத்தனாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். ஜன்னலைச் சாத்தச் சொல்கிற இடத்துக்கு நானே என் மகளை ரயிலேற்றி அனுப்புவதா? பொரிகடலை டின்தான் பக்கத்தில் இருந்தது. மூடியைத் திறந்தேன், போட்டேன், மூடினேன். தேதி தாண்டிவிட்டால் வேலையும் போய்விடும், பயமும் போய்விடும் என்று நினைத்தேன். அம்மாவும் கடைக்காரியும் சேர்ந்து போட்ட கணக்கு அது.

உறையை மறைத்த வாயால் சும்மா இருந்திருக்கலாம். நான் எங்கே சும்மா இருக்கிறவள்! கடலை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஜப்பானை அளந்து கொடுக்க ஆரம்பித்தேன். டீக்கடை முருகையா அண்ணாச்சி, "தங்கச்சி, ஜப்பான் எங்கன கெடக்கு, தச்சநல்லூர் எங்கன கெடக்கு? சும்மா கெடயேன்" என்றார். "கடல் ஒண்ணுதானே அண்ணாச்சி? அங்கன ஊத்துனா இங்கன வராதா? மீனுக்குப் பாஸ்போர்ட்டா கேக்குதாவ?" என்றேன். கடை முன்னால் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வசனத்தை அன்று இருபது தடவை சொன்னேன், ஒவ்வொரு தடவையும் ஜப்பானைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டு. மறுநாள் மீன்காரி ரோஸ்மேரி பஸ்ஸில் கொண்டுவந்த கூடையை அப்படியே திருப்பித் தூக்கிக்கொண்டு போனாள். "சப்பான் மீன் வேண்டாங்காவ யக்கா, எந்தப் பாவி கெளப்பிவிட்டானோ" என்று என்னிடமே வந்து கண்ணைத் துடைத்தாள். அந்தப் பாவிதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள்.

தெருவில் ஆளுக்கொரு கதையாகிவிட்டது. உப்பு வாங்கலாமா, மழையில் நனையலாமா, நம் மாவட்டத்துக் கடற்கரையிலும் ஓர் ஆலை வரப்போகிறதாமே, அது வந்தால் தாமிரபரணித் தண்ணீர் என்னாகும், எல்லாம் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. ஜெபமணி டீச்சர்தான் டீக்கடை வாசலில் நின்று, "ஆளாளுக்குக் கத பேசுததுக்கு அளந்து பாத்துரலாம்லா? நம்ம கோமதி காலேஜ்ல கதிர்வீச்சு அளக்குத பெட்டி இருக்கு" என்றார்கள். உன் ஆய்வகத்துப் பேராசிரியரும் பெட்டியைக் கொடுத்தனுப்ப ஒத்துக்கொண்டார். நீ உடனே சரி என்றதில் எனக்கு ஆச்சரியமில்லை. அளக்கிற புத்தி உனக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயது. குறுக்குத்துறையில் குளிக்கப் போயிருந்தோம். "இங்கன ஆழமே இல்லட்டி, எறங்கு" என்று நான் கரையில் உட்கார்ந்து துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே சொன்னேன். நீ இறங்கினாய், கழுத்துவரை போய்விட்டாய். முடியைப் பிடித்து இழுத்துப் போட்டேன். இருமி முடித்ததும் நீ அழவில்லை. "நீ எறங்கிப் பாத்தியா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து கையில் ஒரு கம்பில்லாமல் நீ ஆற்றில் கால் வைத்ததில்லை. நான் அன்றைக்கே திருந்தியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. டீக்கடை பெஞ்சை நடுத்தெருவில் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தாய். என் மகள் பேச, தெருவே வாயை மூடிக்கொண்டு நின்றது! பெட்டி சும்மா இருக்கும்போதே டிக்... டிக் என்று பைய அடித்தது. "ஐயோ, வந்துட்டு!" என்று முருகையா அண்ணாச்சி டீக்கிளாஸைக் கையால் மூடினார். நீ, "அண்ணாச்சி, இது எப்பவும் உள்ளதுதான். மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் கொஞ்சம் வந்துகிட்டே இருக்கும். இதவிடக் கூடுதலா அடிச்சாத்தான் பாக்கணும்" என்றாய். ரோட்டை அளந்தாய், உப்பை அளந்தாய், குழாய்த் தண்ணீரை அளந்தாய். ரோஸ்மேரி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். கூடைக்கு மேலேயும் அதே பைய அடித்த டிக்... டிக். "இந்தச் சின்னப் பெட்டியில எல்லாமும் தெரிஞ்சிராது, கூடுதலா ஒண்ணும் இல்லைங்கது வரைக்கும் தெரியும்" என்று நீ சொன்னாய். பாதிக் கூடை அங்கேயே காலியாகிவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. "ஏட்டி கோமதி, நம்ம வறுக்குத சட்டியையும் அளந்து காட்டு, நம்ம கடலை எம்புட்டுச் சுத்தம்னு சனம் பாக்கட்டும்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு உன்னைக் கடைக்கு அழைத்துப் போனேன். இரும்புச் சட்டி நிறைய வறுமணல், அடுப்பு ஆறியிருந்தது. நீ பெட்டியோடு ஒயரில் கோத்திருந்த அளக்கிற குழாயை மணலுக்கு மேலே கொண்டுபோனாய். காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டதுபோல் பெட்டி படபடவென்று பொரிந்தது! கூட்டம் நாலடி பின்னால் போனது. திரும்பிப் பார்த்தேன், கூட்டத்துக்கும் பின்னால் ஓர் ஆள் நின்றது. அது நான்தான்.

அத்தனை பேரும் பின்னால் போனபோது முன்னால் போனது நீ ஒருத்திதான். குழாயை இன்னும் கீழே இறக்கினாய், பிறகு ஒரு கை தூரம் தள்ளி வைத்தாய், சத்தம் குறைந்தது. வறுத்துச் சலித்த கடலையைத் தனியாக அளந்தாய், பெட்டி பைய அடித்தது. ஒவ்வொன்றையும் கடலை மடிக்கிற தாளில் எழுதினாய். பிறகு, "யம்மா, இந்த மணல் எங்கன அள்ளுனது?" என்று கேட்டாய். "ஆத்து மணல்தாட்டி" என்றேன். "ஆத்து மணல் இப்படி அடிக்காது." "நம்ம குறுக்குத்துறை மணலு..." என்று நான் இழுத்தேன். அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற வாயை அன்றைக்குப் பார்த்துத் திறந்தார். "கடக்கரை மணலு. நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

என் தொழில் ரகசியம் அத்தோடு போயிற்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நேர்த்திக்கடனுக்காகத் தென்கடற்கரைக்குப் போனபோது, அலை ஒதுக்கிய இடத்தில் கருப்புக் கருப்பாக மின்னிய மணலைப் பார்த்தேன். கையில் அள்ளினால் கனமென்றால் கனம், சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஒரு சாக்கு அள்ளி வந்து ஆற்று மணலோடு கலந்தேன். அதன்பிறகு என் கடலையில் ஒன்றுகூடக் கருகவில்லை. யார் கேட்டாலும் "எல்லாம் தாமிரபரணி மணல், நம்ம ஆத்து மகிமை" என்று சொல்லிவந்தேன். தெருவில் பாதிப் பேர் அதைக் கேட்டு ஆற்று மணலில் வறுத்துப் பார்த்துக் கருக்கியிருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து என்னவோ வரப்போகிறது என்று நான் ஊரைக் கலக்கிக்கொண்டிருந்தேனே, அது என் சட்டிக்குள்ளேயே பன்னிரண்டு வருஷமாகக் குடியிருந்திருக்கிறது.

நீ மூடி மழுப்பவில்லை. "இது எந்த ஆலையில இருந்தும் வந்தது இல்ல. அந்தக் கடக்கரை மணலுக்கு இயற்கையாவே கதிர்வீச்சு உண்டு. சலிச்ச கடலையில கூடுதலா எதுவும் தெரியல, ஆனா நான் அவசரப்பட்டு நல்லதுன்னு சொல்ல மாட்டேன். எங்க சார்கிட்ட குடுத்து நல்லா அளந்துட்டு வந்து சொல்லுதேன். அதுவரைக்கும் இந்தச் சட்டியில வறுக்கக் கூடாது. வறுத்தவங்கதான் தூசிய இழுத்திருப்பாவ, அம்மைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவணும்" என்றாய். கூட்டத்தில் யாரோ, "உங்க அம்மைக்காவப் பூசி மெழுகுதியோ?" என்று கேட்டார்கள். "எங்க அம்மைக்காவன்னா மறைச்சிருப்பேனே. குழாயைச் சட்டிக்குள்ள விட்டிருக்க மாட்டேனே" என்று நீ திருப்பிக் கேட்டாய். எனக்குப் பொரிகடலை டின் ஞாபகம் வந்தது. அன்றே உறையை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கடை சாத்திக் கிடந்தது, டாக்டர் என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷத்துக்கு ஒரு முறை வந்து காட்டு என்றார். எல்லாம் உன்னால்தான் தெரிய வந்தது. தெரிந்தும் டின்னைத் திறக்கவில்லை. உன்னை அனுப்பப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

திறக்கவைத்தது கீழத்தெரு இசக்கியம்மாள். நீ அப்போது உள்ளே இருந்து பார்த்திருக்க மாட்டாய், நான் பார்த்தேன். கடை சாத்தியிருந்த நாலாம் நாள், மருமகளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடையை ஒட்டிய தெருமுனையில் நின்று அந்தப் பெண்ணிடம், "பைய கேப்போம், சத்தம் போடாத, அவ படிச்ச புள்ள, கோவிச்சுக்கிடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கவே அப்படிப் பயந்தாள். பிறகு உள்ளே வந்து, "தாயீ, மருமவளுக்கு மூணு மாசம். தெனமும் உங்க கடலைதான் தின்னா. புள்ளைக்கு எதுவும் ஆவுமா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்கப்போனேன். என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? "ஒண்ணும் ஆவாது, போ." நீ என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தாய். என்ன தின்றாள், எவ்வளவு தின்றாள், தோலை வாயில் வைத்துக் கடிப்பாளா என்றெல்லாம் கேட்டாய். "எனக்குத் தெரிஞ்சவரைக்கும் பயம் இல்ல மைனி. ஆனா முழுசாத் தெரியாது. இன்னைக்கு சார் அளந்து முடிச்சிருப்பாரு, கேட்டுட்டு நானே உங்க வீட்டுக்கு வாரேன்" என்றாய். சொன்னபடி சாயங்காலம் போனாய். கடலையில் மணல் தங்கவில்லை, தூசிகூட ஒட்டவில்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, அளந்த எண்களையும் அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் ஓர் அட்டையில் எழுதிக் கடைக் கதவில் மாட்டினாய். இசக்கியம்மாள் மறுநாள் உனக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையப் பாயசம் கொண்டுவந்தாள்.

அதைப் பார்த்தபிறகு எனக்கு அந்த டின்னுக்குப் பக்கத்தில் உட்கார முடியவில்லை. நீ வேலைக்குப் போகிற ஆலைக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு மாமியாரும் மருமகளும் இருப்பார்களே, தெருமுனையில் நின்று பைய கேட்போம் என்று சொல்லிக்கொண்டு. அவர்களுக்குக் குழாயைச் சட்டிக்குள் விட்டுப் பார்க்கிற பெண் வேண்டாமா? அவளை நான் பொரிகடலைக்கு அடியில் போட்டு மூடி வைத்திருக்கிறேனே! உடனே எடுத்து உன்னிடம் நீட்டிவிட்டேன். பொய்யோடுதான் நீட்டினேன், பழக்கம் விடவில்லை. வேலையில் சேர இன்னும் ஆறு நாள் இருந்தது.

இனி சொல்லப்போவதை அறிவுரை என்று எடுத்துக்கொள், இல்லாவிட்டால் ஒரு பொய்க்காரி தன் அனுபவத்தைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள். அங்கே உனக்கு மேலே இருக்கிறவர்கள் யாராவது ஒரு நாள், "ஜனங்க பயந்துருவாங்க, சொல்ல வேண்டாம்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து மறைத்தேன், ஒன்பது நாளுக்கே வாசம் பிடித்துவிட்டது. பெட்டி படபடத்தால் படபடத்தது என்று சொல், அது உன் அதிகாரியின் சட்டியாக இருந்தாலும் சரி. சும்மா இருக்கும்போது ஊரைக் கிளப்புகிற என்னைப்போன்ற ஆட்களும் வருவார்கள், அவர்களையும் விரட்டாதே, பெஞ்சில் உட்காரவைத்துக் குழாயைக் கையில் கொடு. முருகையா அண்ணாச்சி டீக்கிளாஸை மூடியதற்கு நீ சிரிக்கவில்லை பார், அது எனக்குப் பிடித்திருந்தது. நான் சிரித்தேன், அடுத்த கால் மணி நேரத்தில் எனக்கே வந்து சேர்ந்தது. பயந்து கேட்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை, அவர்களுக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும், கூடையில் மீன் இருக்கும். ரோஸ்மேரியிடம் நான் போய்ச் சொல்லிவிட்டேன், பாவி நான்தான் என்று. அவள் ரெண்டு நாள் என் கடைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "எனக்கு அன்னைக்கே தெரியும் யக்கா, தண்ணி குடுக்கும்போது உங்க மூஞ்சிய பாத்தேன்லா" என்றாள். எல்லாரும் என்னை மோந்தே கண்டுபிடித்துவிடுகிறீர்கள்.

சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை கொடுப்பார்கள், உடம்பில் எவ்வளவு பட்டது என்று அது காட்டும் என்றாயே, அதை ஒரு நாளும் மறந்து விடுதியில் வைத்துவிட்டுப் போகாதே. துணிக்குப் பொருத்தமாக இல்லை என்று கழற்றி வைக்கிற ஆள்தான் நீ. எனக்குப் பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ரயில் நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் கூடவே ஓடிக்கொண்டு, "ஏட்டி, பெட்டி படபடன்னா ஓடிரு!" என்று கத்தினேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, படபடன்னா நான்தானே அங்கன போவணும்!" என்று திருப்பிக் கத்தினாய். ரயில் பெட்டியிலிருந்த அத்தனை பேரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்து விக்கல் பிடித்துக்கொண்டது. அப்பா தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். வீடு வரைக்கும் விக்கிக்கொண்டே வந்தேன்.

கடைக்கு இப்போது நிஜமான ஆற்று மணல்தான். அஞ்சில் ஒரு கடலை கருகுகிறது. முருகையா அண்ணாச்சி கருகியதைப் பொறுக்கி எடுத்து, "இதுதான் தங்கச்சி உண்மையோட ருசி" என்று எனக்கே நீட்டுகிறார். வாங்கித் தின்கிறேன்.

பழைய மணலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டிவிடச் சொல்லி உன் பேராசிரியர் சொன்னாரல்லவா? உன் அப்பா போன வாரம் அதைச் சாக்கில் கட்டி, ரெண்டு பஸ் மாறி, கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். சாயங்காலம் திரும்பி வரும்போது தோளில் சாக்கு கனமாக இருந்தது. என்ன என்று கேட்டேன். அவ்வளவு தூரம் போய்விட்டு வெறுஞ்சாக்கோடு வர மனசு வரவில்லை, நல்ல மணலாகப் பார்த்து அள்ளி வந்தேன் என்றார். எங்கே அள்ளினீர்கள் என்று கேட்டேன். கொட்டிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி என்றார். சாக்கு இப்போது கொல்லையில் இருக்கிறது. முதல் லீவுக்கு வரும்போது பெட்டியை மறக்காமல் கொண்டு வா. நேற்று அந்தச் சாக்கின்மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது. மொத்தம் மூன்று குட்டி. ஒவ்வொன்றுக்கும் நாலு கால்தான். எண்ணிப் பார்த்துவிட்டேன்.

அம்மா